தீவுக்குக் கொண்டுபோன கடதாசி

ஹைம் என்று சொல்லும் அகதி விடுதியில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டோம். உங்களில் பலருக்கு வீடு, வங்கிக் கடன், சிலருக்குப் பேரப்பிள்ளை என்று எல்லாம் வந்துவிட்டது. எனக்கு ஒரு முதுகுப்பையும் பழுதான ஒரு முழங்காலும் இருக்கின்றன. ஆனால் ஒரு விஷயத்தில் நாம் எல்லோரும் ஒன்றுதான். சீருடை போட்ட யாராவது எதிரே வந்தால் நம்முடைய கை தானாகப் பைக்குள் போகும். உங்கள் கை கடதாசி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கப் போகும். என் கை போவது வேறொன்றுக்காக. அதைத்தான் எழுதப்போகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ஜேர்மனியின் வடக்கே ஒரு ஏரிக்கரை ஊரில் எங்களுக்கு ஹைம் கிடைத்தது. ஒரு காலத்தில் விடுமுறைக்கு வருபவர்கள் தங்கிய கட்டடம். எங்களுக்கு ஒரு அறை, மூன்று இரும்புக் கட்டில், ஒரு அலுமாரி. சமையலறை எல்லோருக்கும் பொது. அங்கே மிளகாய் வறுத்த புகையும், வேறு நாட்டுக் குடும்பம் ஒன்று அவித்த முட்டைக்கோவாவின் மணமும், காயாத கம்பளிச் சட்டைகளின் நாற்றமும் ஒன்றாகக் கிடக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த மூன்றும் சேர்ந்து மணந்தால் அந்த இடத்தை விட்டு வெளியே வந்துவிடுவேன்.

எங்கள் யன்னலைத் திறந்தால் ஏரி. ஏரியின் நடுவே ஒரு தீவு. தீவின் மேல் கறுத்த செங்கல்லில் ஒரு கோபுரம். ஒரு கப்பல் தலைகீழாக விழுந்து, அதன் மூக்கு மட்டும் வானத்தைப் பார்த்து நிற்பது போல இருக்கும். அந்த ஏரியில்தான் பழைய காலத்தில் கடற்படைப் பையன்களுக்குப் படகு ஓட்டப் பழக்கினார்களாம். பிறகு யுத்தத்தில் கடலில் செத்துப்போன அவர்களுக்காகக் கட்டிய நினைவிடம் அது. இதெல்லாம் பின்னால் தெரிந்தது. வந்த கிழமையே அப்பாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அது நேவிக்காரரின் இடம்.

அம்மா அந்த யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டார். பிறகு பகலிலும் அது திறக்கவில்லை.

எங்கள் ஊர் கடற்கரையில் இருந்தது. "நேவி வாறான்" என்று யாராவது கத்தினால் உலையை அடுப்பில் விட்டுவிட்டுப் பனங்கூடலுக்குள் ஓடுவோம். ஒரு தடவை ஓடித் திரும்பி வந்தபோது சோறு கரிந்து கிடந்தது. அடுத்த வீட்டு மாமா திரும்பி வரவில்லை. அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கடலைப் பார்க்கும்போது தண்ணீரைப் பார்க்க மாட்டார்கள். அதில் சாம்பல் நிறத்தில் ஏதாவது நகர்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஏரியையும் நான் அப்படித்தான் பார்த்தேன்.

இந்த நாட்டுக்கு வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். கொழும்பில் எங்களை அனுப்பிய ஏஜென்சிக்காரர் ஒரு பாடம் நடத்தினார். விமானம் இறங்க முன்னம் பாஸ்போட்டைக் கிழித்துக் கழிப்பறையில் போட வேண்டும். முதலில் பெயர் உள்ள பக்கம், பிறகு நம்பர் உள்ள பக்கம், கடைசியாக முத்திரைகள். "சீருடைக்காரன் கையில கடதாசி போனால் திருப்பி அனுப்பிப்போடுவான். கடதாசி இல்லாதவனை எங்க அனுப்புறது?" என்றார். விமானத்தில் அம்மாவால் கிழிக்க முடியவில்லை. அப்பா தன்னுடையதைக் கிழிக்க, அம்மாவுடையதை நான் வாங்கினேன். அட்டை கிழியவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். பசையும் துணியும் கலந்த ஒரு கசப்பு நாக்கில் ஒட்டியது. அந்த ஒடுங்கிய கழிப்பறைக்குள் அப்பா என் தலையில் கை வைத்து, "என்ர கெட்டிக்காரி" என்றார். அதற்கு முன் அப்பா என்னை அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை. பிறகு அந்த ஹைமில் நான் கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வந்தாலும், டொச் மொழியில் நேரம் கேட்டாலும், "என்ர கெட்டிக்காரி" வரும்.

இங்கே தந்த விசாக் கடதாசி அம்மாவின் பெயரில் இருந்தது. அதில் அம்மாவின் படம், கீழே என் பெயர். ஒரு முத்திரையும் இருந்தது: இந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. எங்கள் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. இருக்க விடுவார்களா, அனுப்புவார்களா என்று தெரியாத காலம். அப்பா அந்தக் கடதாசியைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

அந்த ஒக்டோபரில் பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் தந்துவிட்டார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். இந்த நாட்டில் யார் எதை நீட்டினாலும் அவர் கையெழுத்துப் போடுவார். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்தவர். அங்கே இரண்டு தரம் வாசிக்காமல் பேனையைத் தொடமாட்டாராம். இங்கே வாசிக்கவே முடியாது என்பதால் வெட்கத்தில் உடனே போட்டுவிடுவார்.

தாளைப் பக்கத்து அறை அண்ணைதான் வாசித்துச் சொன்னார். அவர் எங்களுக்கு எட்டு மாதம் முன்னால் வந்தவர். அதனால் அவருக்கு எல்லாம் தெரியும்.

"நாசமாப் போச்சு அண்ணை," என்றார் அப்பாவிடம். "வாற மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செத்த ஆக்களை நினைக்கினமாம். இவள்ட வகுப்பு அந்தத் தீவில போய்ப் பாட்டுப் படிக்கோணுமாம். நீங்கள் ஓம் எண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டியள்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "நேவிக்காரனுக்கு என்ர பிள்ளை பாட்டுப் படிக்கிறதோ?"

"அதில்லை அக்கா பிரச்சினை. இஞ்ச வாங்கோ."

எங்கள் மூவரையும் பஸ் தரிப்பிடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடிக்குள் ஒரு வரைபடம். ஏரிக்கு நடுவே புள்ளி புள்ளியாக ஒரு கோடு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனது. தீவு கோட்டுக்கு அப்பால் இருந்தது. அண்ணை கண்ணாடியில் விரலை வைத்தார்.

"இதுதான் மாவட்ட எல்லை. தீவு மற்ற மாவட்டம். பிள்ளை காலை வைச்சால் குற்றம். பிடிபட்டால் வழக்கு முடிஞ்சுது, மூண்டு பேருக்கும் பிளேன்."

அப்பா அந்தப் புள்ளிகளைக் கனநேரம் பார்த்தார். "அப்ப இவளை அனுப்பாமல் விடுவம்."

"கையெழுத்து வைச்சிட்டு அனுப்பாட்டில், ஏன் எண்டு பள்ளிக்கூடம் கேக்கும். அது விசா அலுவலகத்துக்குப் போகும். இன்னும் மோசம்."

அடுத்த மூன்று கிழமையும் அறைக்குள் இதே பேச்சு. போனாலும் ஆபத்து, போகாவிட்டாலும் ஆபத்து. யாரிடமாவது கேட்கலாம் என்ற யோசனை ஒருவருக்கும் வரவில்லை. கேட்பது என்றால் ஒரு அதிகாரியிடம் கேட்க வேண்டும். அதிகாரியிடம் போய்க் கேட்டால் நம்மைக் காட்டிக்கொடுப்பது நாமே. பயந்த மனிதர்களின் கணக்கு அப்படித்தான் போகும். கட்டிலை நனைக்கும் வயதை நான் எப்போதோ தாண்டியிருந்தேன், ஆனால் மறுபடி நனைக்கத் தொடங்கினேன். அம்மா விடிய முன்னம் விரிப்பைக் கழுவிப் போடுவார்.

கடைசியில் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். கடதாசியை நான் கொண்டுபோக வேண்டும்.

"அப்ப நான் என்னத்தோட இருக்கிறது?" என்றார் அம்மா.

"நீ அறையை விட்டு வெளிய வராதை. பிள்ளை கடதாசி இல்லாமல் பிடிபட்டால் கதை முடிஞ்சுது. கடதாசி இருந்தால் வழி தவறி வந்திட்டன் எண்டாவது சொல்லலாம்." என் பக்கம் திரும்பினார். "கேட்டால் காட்டு. கேக்காட்டில் காட்டாதை. விளங்குதோ?"

"ஓம் அப்பா."

அம்மா கடதாசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, என் கம்பளிச் சட்டைக்கு உள்பக்கம் ஊசியால் குத்திவிட்டார். மேலே கடுகு நிறத்தில் ஒரு கோட். தேவாலயத்தில் பழைய உடுப்புக் கொடுக்கும் இடத்தில் கிடைத்தது. கழுத்துப் பக்கம் யாரோ ஒரு ஜேர்மன் பிள்ளையின் பெயர் சிவப்பு நூலில் தைத்திருந்தது. அம்மா அதைப் பிரிக்கப் பார்த்தார், துணி கிழிந்துவிடும் போல் இருந்ததால் விட்டுவிட்டார்.

படகில் டீசல் மணமும் ஈரமும். மற்றப் பிள்ளைகள் தண்ணீரில் பாண் துண்டுகளை எறிந்தார்கள். நான் வரைபடத்தில் கண்ட எல்லைக்கோட்டைத் தேடினேன். தண்ணீரில் ஏதாவது கட்டியிருப்பார்கள், கொடியோ கயிறோ இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. எப்போது கடந்தோம் என்று தெரியாமலே கடந்துவிட்டோம். அதுதான் அதிகம் பயமாக இருந்தது. ஒவ்வொரு தடவை மூச்சு இழுக்கும்போதும் உறை நெஞ்சில் கீச்சிட்டது. எல்லோருக்கும் கேட்கிறது என்று மூச்சைக் குறைத்துக்கொண்டேன்.

தீவில் இறங்கியதும் முதலில் கண்டது நங்கூரம். என்னைவிட மூன்று மடங்கு உயரம். அதற்கு இரண்டு பக்கமும் கடற்படைக்காரர் வரிசையாக நின்றார்கள். கருநீலச் சீருடை, வெள்ளைத் தொப்பி, தொப்பிக்குப் பின்னால் இரண்டு கறுப்பு நாடா காற்றில் அடித்தது. ஆட்கள் அசையவே இல்லை. நேவிக்காரனை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. ஊரில் அவர்கள் எப்போதும் தூரத்தில் ஒரு புகை, ஒரு சத்தம்.

பாட்டு முடிந்தது. என் வாய் திறந்து மூடியது, சத்தம் வந்ததா என்று தெரியாது. பிறகு ரீச்சர் எங்களைக் கோபுரத்துக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனார். படிகள் நிலத்துக்கு அடியில் இறங்கின. வட்டமான ஒரு அறை. மேலே நீலக் கண்ணாடி, அதனால் எல்லோருடைய முகமும் தண்ணீருக்குள் கிடப்பவர்களுடைய முகம் போல இருந்தது. சுவர் முழுக்கப் பெயர்கள். பச்சைப் பைன் கிளையில் செய்த மலர்வளையங்கள். இவை என்ன பெயர்கள் என்று ரீச்சர் விளக்கினார். எனக்குப் பாதிதான் விளங்கியது: கடற்படை, தண்ணீர், திரும்பி வரவில்லை. எங்கள் ஊரில் சுவரில் பெயர்ப்பட்டியல் ஒட்டினால் அது பிடித்துக்கொண்டு போனவர்களின் பட்டியல். கடற்படை பிடித்து இந்தக் குழிக்குள் போட்டவர்களின் பெயர்கள் என்றே நான் எடுத்துக்கொண்டேன். கடைசி வரியின் கீழ் இன்னும் இடம் இருந்தது.

மற்றப் பிள்ளைகள் மேலே ஏறினார்கள். நான் கடைசியாக முதல் படியில் கால் வைத்த நேரம் மேலே ஒரு ஆண் குரல் கட்டளை போட்டது. எல்லாச் சப்பாத்தும் ஒன்றாக அடித்தன.

நான் திரும்பிக் கீழே ஓடினேன்.

கோட்டைக் கழற்றி எறிந்தேன். ஊசி விரலில் குத்தியது. உறையிலிருந்து கடதாசியை எடுத்தேன். முதலில் பெயர்கள். பிறகு நம்பர். பிறகு முத்திரை.  அதை நான் நன்றாகச் செய்தேன். தரையின் நடுவில் தண்ணீர் வடிய ஒரு இரும்புச் சல்லடை இருந்தது. அதற்குள் துண்டு துண்டாகப் போட்டு விரலால் தள்ளினேன். கீழே ஏரித் தண்ணீர் சளக் சளக் என்றது. அம்மாவின் படம் மட்டும் மிஞ்சியது. அதைக் கிழிக்கக் கை வரவில்லை. சப்பாத்துக்குள் வைத்தேன்.

படியில் யாரோ இறங்கினார்கள். வெள்ளைத் தொப்பி. நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன். ஊரில் பழக்கியது அப்படித்தான்.

அவன் பையன்தான், இருபது வயது இருக்குமோ என்னமோ. நான் கை தூக்கி நின்றதைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டான். தொப்பியைக் கழற்றினான். படியில் உட்கார்ந்து தன் இரண்டு கையையும் விரித்து, வெறுங்கை என்று எனக்குக் காட்டினான். நான் கையை இறக்கினேன். பிறகு கோட்டை எடுத்துக் கழுத்துப் பக்கம் பார்த்து, அங்கே தைத்திருந்த பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டான். "யா" என்றேன். அந்தப் பெயராக இருப்பது அப்போது பாதுகாப்பாக இருந்தது. கோட்டை விரித்துப் பிடித்தான், நான் கையை நுழைத்தேன். ஒரு மிட்டாய் தந்தான். நஞ்சு என்று நினைத்து வாயில் போடவில்லை. கரை வரும்வரை கைக்குள் பொத்தி வைத்திருந்ததில் அது கரைந்து விரல்கள் ஒட்டிக்கொண்டன.

அப்பா படகுத்துறையில் நின்றார். மழை தூறியது. குடையில்லை. நான் இறங்கியதும் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"கடதாசி எங்க?"

"கிழிச்சுப்போட்டன் அப்பா. நேவி வந்தவன். நான் ஒண்டும் குடுக்கேல்லை."

"எல்லாத்தையுமோ?"

"ஓம். முதல் பேர், பிறகு நம்பர். பிளேனில செய்த மாதிரித்தான். அம்மாட படம் மட்டும் இருக்கு."

அப்பா அந்த ஈரப் பலகையில் அப்படியே குந்திவிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு வர வேண்டிய அந்த ஒரு சொல்லுக்காக நின்றேன். வரவில்லை.

அம்மா பத்து நாள் அறைக்கு வெளியே வரவில்லை. கழிப்பறைக்குப் போவதென்றாலும் நான் முன்னால் போய்த் தாழ்வாரத்தைப் பார்க்க வேண்டும். அண்ணை மட்டும் ஆலோசனைக்கு வருவார்.

"துலைஞ்சது எண்டு சொல்லாதேங்கோ. வித்திட்டினம் எண்டு நினைப்பான்."

"பிள்ளை கிழிச்சிட்டாள் எண்டு உண்மையைச் சொன்னால்?" என்றார் அம்மா.

"ஏன் கிழிச்சவள் எண்டு கேப்பான். பிறகு பாஸ்போட் எங்க எண்டு கேப்பான். அக்கா, உண்மை எண்டது ஒண்டோட நிக்காது."

கடைசியில் உடுப்போடு சேர்த்துக் கழுவிவிட்டதாகச் சொல்வது என்று முடிவானது. அதற்குச் சாட்சி வேண்டும் என்றார் அண்ணை. பள்ளிக்கூடத் தாள் ஒன்றை மடித்து, அம்மாவின் படத்தையும் வைத்து, அப்பாவின் காற்சட்டைப் பையில் போட்டு இரண்டு தரம் தோய்த்தார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு களி உருண்டை வந்தது. அதைத் தட்டில் வைத்துக் காயவிட்டு, மூடி போட்ட டப்பாவில் அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த அம்மணி மூடியைத் திறந்து பார்த்தார். சிரித்துவிட்டார். தன் புருஷன் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் இப்படித்தான் கழுவியவர் என்றார். படத்தைப் பிரித்து அம்மாவிடம் திருப்பித் தந்துவிட்டு, புதுக் கடதாசி அடித்து முத்திரை குத்தினார். அரை மணி நேரம். அவ்வளவுதான்.

அப்பா நம்பவில்லை. "இவ்வளவு லேசா முடியாது," என்று வரும் வழியெல்லாம் சொன்னார். மூன்றாம் நாள் மண்ணிற உறையில் கடிதம் வந்தது. எங்கள் வழக்கு நிராகரிக்கப்பட்டிருந்தது.

யாரும் என்னை ஏசவில்லை. யாரும் அந்தத் தீவைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அப்பா பிறகு ஒருநாளும் "என்ர கெட்டிக்காரி" என்று சொல்லவில்லை. வழக்கறிஞர், மேன்முறையீடு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை விசா, ஒவ்வொரு தடவையும் முதல் நாள் சூட்கேசை அடுக்கி வைப்பது என்று ஒன்பது வருடம் போனது. முடிவில் இருக்க விட்டார்கள். அதற்குள் நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தையும், பிறகு வீட்டையும் விட்டிருந்தேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளும் மேசையில் எனக்கு இருக்க ஏலவில்லை. ஹம்பேர்க்கில் மீன் வெட்டினேன், கப்பல் அறைகள் கூட்டினேன், தெற்கே தோட்டங்களில் ஸ்ட்ரோபெரி பிடுங்கினேன், ஹோட்டல் துணி வெளுத்தேன். ஒரு ஊரிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. கஷ்டம்தான். மற்றவர்களும் பட்டார்கள்.

போன வருடம் அப்பா செத்துப்போனார். அவருடைய கோப்புகளை ஒழுங்குபடுத்த அம்மா கூப்பிட்டார். அலுமாரி நிறையக் கோப்புகள். அதில் அந்த நிராகரிப்புக் கடிதம் இருந்தது. ஒவ்வொரு டொச் சொல்லுக்கு மேலும் பென்சிலால் தமிழ் எழுதியிருந்தார். காரணம் இரண்டு பக்கத்துக்கு நீண்டது. எங்கள் நாட்டுக்குள்ளேயே வேறு இடத்தில் போய் இருந்திருக்கலாம் என்பதுதான் சாரம். கிழிந்த கடதாசி பற்றி ஒரு சொல் இல்லை. திகதியைப் பார்த்தேன். நாங்கள் தீவுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு கிழமை முந்திய திகதி. நான் அந்தப் படகில் ஏறும்போது அந்தக் கடிதம் ஏற்கனவே எழுதப்பட்டு எங்கேயோ கிடந்திருக்கிறது.

அம்மாவிடம் கடிதத்தை நீட்டினேன். "அப்பா இதைப் பார்க்கேல்லையோ? இவ்வளவு காலமும் என்னிலதானே பிழை எண்டு..."

அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கடிதத்தை அல்ல, என்னை.

"ஆர் உன்னில பிழை எண்டது? அவர் ஒருநாளும் சொல்லேல்லை. 'நான்தானே பிள்ளைக்குக் கிழிக்கப் பழக்கினனான், அதுக்குக் கெட்டிக்காரி எண்டும் சொன்னனான்' எண்டு தன்னைத்தான் திட்டிக்கொண்டு இருந்தவர். உன்ர முகத்தைப் பார்க்க அவருக்கு வெக்கம்."

"அதை என்னட்டச் சொல்லியிருக்கலாமே அம்மா."

"நீ எங்க வீட்டில நிண்டனி?"

இந்த ஒக்டோபரில் அந்த ஏரிக்கரைக்குப் போனேன். ஹைம் இருந்த இடத்தில் இப்போது கார் தரிப்பிடம். பஸ் தரிப்பிடத்தில் புது வரைபடம், ஆனால் அதே ஏரி, அதே புள்ளிக்கோடு. கிட்டப் போய்ப் பார்த்தேன். கோட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு கப்பல் படம். அது படகு போகும் வழி. மாவட்ட எல்லை ஏரிக்கும் அப்பால், காட்டுக்குள் எங்கேயோ போனது. நாங்கள் மூன்று கிழமை பயந்த எல்லை எங்கும் இருக்கவில்லை.

தீவுக்குப் போனேன். நங்கூரம் அவ்வளவு உயரம் இல்லை. கீழே இறங்கினேன். நீல வெளிச்சம், பைன் மணம், பெயர்கள். இப்போது வாசிக்க முடிந்தது. வயதும் போட்டிருக்கிறார்கள். பதினெட்டு, பத்தொன்பது, பதினேழு. சல்லடைக்குப் பக்கத்தில் குந்தி, கீழே தண்ணீர் அடிப்பதைக் கேட்டேன். என்னுடைய பணப்பையில் அம்மாவின் அந்தப் படம் இருக்கிறது, தோய்த்ததில் ஓரம் உப்பிப்போன படம். அதை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்தேன். வேறு யாரும் இல்லை. ஆனாலும் படிக்கு முதுகைக் காட்டி இருக்க என்னால் முடியவில்லை.

திரும்பும் படகில் உள்ளே உட்கார்ந்திருந்தேன். எனக்கு இந்த நாட்டின் பாஸ்போட் இருக்கிறது. எந்த மாவட்டத்துக்கும் போகலாம். போயிருக்கிறேன். கதவைத் திறந்துகொண்டு சீட்டுப் பார்ப்பவர் வந்தார். கருநீலச் சட்டை, வெள்ளைத் தொப்பி. ஒவ்வொரு இருக்கையாக வந்தார். எனக்கு முன்னால் வந்து நின்று வணக்கம் சொல்லிச் சீட்டைக் கேட்டார்.

கோட் பையிலிருந்து கையை எடுத்தேன். உள்ளங்கையில் பயணச்சீட்டு நான்கு துண்டாக இருந்தது. எப்போது கிழித்தேன் என்று எனக்குத் தெரியாது.

அவர் குனிந்து பார்த்தார். என் கையிலிருந்து துண்டுகளை எடுத்து, பக்கத்து மேசையில் ஒன்றோடொன்று சேர்த்து அடுக்கினார். விளிம்புகள் பொருந்தின. திகதியை வாசித்தார்.

"செல்லும்," என்றார். "திரும்பிப் போகும்வரை செல்லும்."

அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். கரை வரும்வரை அந்த நான்கு துண்டும் கதவு வழி வந்த காற்றில் பறக்காமல் மேலே கையை வைத்துக்கொண்டு இருந்தேன்.